பத்தாம் வகுப்புக்கு முன்னால் டி.சி. நீட்டும் தாளாளர்களுக்கு

கொங்குப் பகுதியில் தனியார் பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

சின்ன வயதில் மூளைக்கட்டி வந்து பிழைத்தவள் என் மகள். அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். "பாப்பாவ பத்தாவதுக்கு வேற பக்கம் பாத்துக்குங்க அம்மணி. இங்கயே இருந்தா உங்களுக்கும் வெசனம், எங்களுக்கும் வெசனம்" என்றார் தாளாளர். காரணத்தை எழுத்தில் தரச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க? நாங்க என்ன தொரத்தியா விடறோம்? நீங்களா டி.சி. கேக்கற மாதிரி ஒரு லெட்டர் குடுத்துருங்க, போதும்" என்றார். அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. இதை எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் 'நாம் இல்லை' என்று நிம்மதியாகிவிடுவீர்கள். என் மகளோடு சிகிச்சை எடுத்த பிள்ளைகளின் பெற்றோர்கள் நாங்கள் இன்றும் போனில் பேசிக்கொள்கிறோம். தாராபுரம் பக்கம் ஒரு குடும்பம், கோபி பக்கம் ஒன்று, நாமக்கல் பக்கம் ஒன்று. பள்ளிகள் வேறு, சொல்கிற வார்த்தை ஒன்றுதான்.

என் மகளுக்கு ஆறு வயதில் சிறுமூளையில் கட்டி வந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அதுதான். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. பித்தம் என்றார்கள், கண்ணாடி போடச் சொன்னார்கள். நடை தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். அறுவை சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு, அப்புறம் மாதக்கணக்கில் கீமோ. அந்தக் கதையைச் சொல்லி உங்கள் இரக்கத்தைக் கேட்க நான் வரவில்லை. இந்த நோயில் கட்டி பரவாமல் இருந்து, நல்ல மையத்தில் முழுச் சிகிச்சையும் கிடைத்தால் ஐந்தில் நான்கு பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகள் உங்கள் வகுப்பறை வரைக்கும் வந்ததே குறைவு. இனி வந்துகொண்டே இருப்பார்கள். வரும் பிள்ளைகளை என்ன செய்வது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது மகள் ஓரிரு வார்த்தை பேசினாள். மறுநாள் பேச்சு நின்றுபோனது. அழுவாள், சத்தம் வராது. இந்தக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்யும் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. வாரங்களில் திரும்பலாம், மாதங்கள் ஆகலாம். திரும்பி வரும் பேச்சு பழைய பேச்சாக இருக்காது. இழுத்து இழுத்து, யோசித்து யோசித்து வரும். உங்கள் ஆசிரியை எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்டு, மூன்று நொடியில் பதில் வராததால் "உக்காரு" என்று சொல்லும்போது, மகள் அந்தப் பதிலைப் பாதி வழிக்குக் கொண்டுவந்திருப்பாள்.

பேச்சு வந்ததும் பள்ளியில் சேர்த்தோம். "நோய்தான் சரியாயிருச்சே, அப்புறம் என்ன?" என்று எல்லோரும் கேட்டார்கள். நாங்களும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டோம். மூன்றாவது, நான்காவது வரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறாவதில் தெரிந்தது. எட்டாவதில் எல்லோருக்கும் தெரிந்தது. "அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தானே படிச்சா, இப்ப சோம்பேறியாயிட்டா" என்று ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தபோது ஓர் ஆசிரியை சொன்னார். அவர் மேல் கோபம் இல்லை. அப்படித்தான் தெரியும். ஆனால் நடப்பது அது இல்லை.

தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற பிள்ளை, கற்றதை மறந்துவிடுவதில்லை. புதியதைக் கற்கும் வேகம்தான் குறைகிறது. மூளையின் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதி பாதிக்கப்படுவதால் செய்தி மெதுவாகப் போகிறது. கேட்டதை மனதில் நிறுத்திக்கொண்டே எழுதுவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது, நீண்ட நேரம் கவனம் வைப்பது, இவைதான் கஷ்டம். கோவை காந்திபுரத்தில் பைபாஸ் ரைடரும் எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும் வண்டியும் ஒன்றாகக் கிளம்பினால் நீலாம்பூர் வரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சேலம் போய்ச் சேரும்போதுதான் தெரியும். அதனால்தான் வகுப்பு ஏற ஏற இடைவெளி பெரிதாகிறது. நோய் திரும்பி வந்துவிட்டது என்றோ, பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. எவ்வளவு சின்ன வயதில் கதிர்வீச்சோ, அவ்வளவு அதிகம் பாதிப்பு. மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் கதிர்வீச்சைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ மருத்துவர்கள் பாடுபடுவது இதனால்தான். ஆபத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் முழுவதுமாகக் கொடுக்கும் அளவைப் பழைய 36 கிரேயிலிருந்து 23.4 கிரேயாகக் குறைத்தார்கள் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). எதற்காக? பிள்ளை பிற்காலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக. மருத்துவம் அத்தனை வருடம் ஆராய்ந்து காப்பாற்றிக் கொடுத்த படிப்பை, ஒரு தேர்ச்சி விகிதத்துக்காக நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள்.

இது வெறும் மார்க் விஷயமாகவும் நின்றுவிடுவதில்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைத் தின்றுவிடும். என் மகளுக்கு நீங்கள் பேசுவது கேட்கும். 'ச', 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகள் நழுவிவிடும். மின்விசிறி ஓடும் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார வைத்து டிக்டேஷன் கொடுத்தால் பாதிதான் காதில் விழும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் என்பதால் காது கேட்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிறுமூளையில் கத்தி பட்டதால் கை நடுங்கும், எழுத்து கோணும். முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு போனதால், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் அடிபட்டதால், உயரம் குறைவு. ஒன்பதாவது படிக்கும் பெண்ணை "அஞ்சாவதா கண்ணு?" என்று பஸ்ஸில் கேட்கிறார்கள். தைராய்டு மாத்திரை தினமும் உண்டு. மதியம் மூன்று மணிக்கு மேல் களைப்பு வரும். அது தூக்கம் வருகிற களைப்பு இல்லை, உடம்பே ஓய்ந்துபோகிற களைப்பு. அந்த நேரத்தில்தான் நீங்கள் தினமும் ஸ்லிப் டெஸ்ட் வைக்கிறீர்கள்.

தாராபுரம் பக்கத்துப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவன் அம்மாவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவனுக்கு வந்தது வேறு கட்டி, கிரேனியோஃபாரிஞ்சியோமா. புற்றுநோய் இல்லை, ஆனால் பிட்யூட்டரிக்குப் பக்கத்தில் வளர்வது. எடுத்த பிறகு உடம்பில் நீரைக் கட்டிப்போடும் ஹார்மோன் சுரக்கவில்லை. மருந்து வேளை தவறினால் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். இடைவேளை தவிர வெளியே விடக்கூடாது என்பது அவன் வகுப்பின் சட்டம். ஒருநாள் வகுப்பிலேயே நனைந்துவிட்டது. பசியைக் கட்டுப்படுத்தும் இடமும் அடிபட்டதால் உடம்பு பெருத்துவிட்டது, பி.டி. வாத்தியார் அவனைத் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அந்தப் பையனுக்கு உடம்பு தாங்கும் சக்தியைத் தரும் கார்டிசோலும் மாத்திரையாகத்தான் உள்ளே போகிறது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அந்த மருந்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓடவிட்ட பள்ளி அது.

நாமக்கல் பக்கத்துப் பிள்ளைக்குத் தலையிலிருந்து வயிற்றுக்கு நீரை இறக்கும் குழாய், ஷண்ட், இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் தலைவலி, வாந்தி, தூக்கக்கலக்கம் வரும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம் அது. விடுதியில் அந்தப் பிள்ளை தலைவலி என்று சொன்னபோது பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள், பரிட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று. நல்லவேளை, பக்கத்து அறைப் பிள்ளை யாரிடமோ போன் வாங்கி வீட்டுக்குச் சொல்லிவிட்டது.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி இல்லை. கோபி பக்கத்துப் பையனுக்கு வந்தது மெதுவாக வளரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா; அறுவை சிகிச்சையிலேயே முழுதாக எடுத்துவிட்டார்கள், கதிர்வீச்சு தேவைப்படவில்லை. கணக்கில் நன்றாகத்தான் இருக்கிறான், எழுதுவதில் மட்டும் மெதுவு. அவனுக்கும் டி.சி. பேச்சு வந்துவிட்டது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தலையில் தழும்பு இருந்தாலே போதுமா உங்களுக்கு?

எட்டாவது வரைக்கும் உங்களால் வெளியேற்ற முடியாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கையைக் கட்டியிருக்கிறது. ஒன்பதில் அந்தக் கட்டு அவிழ்கிறது. சல்லடை வெளியே வருகிறது. பத்தாவது தேர்வு எழுதும் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்னால் யார் யாரை இறக்கிவிடுவது என்ற கணக்கு. இதை நம் ஊரில் தெரியாதவர்கள் யாரும் இல்லை, வெளியே பேசுவதுதான் இல்லை. 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலைத் தமிழக அரசு நிறுத்தியது. அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவர் நம் கோபிக்காரர்தான். ரேங்க் போனது, அந்த இடத்தில் '100 சதவீதத் தேர்ச்சி' வந்து உட்கார்ந்துவிட்டது. ஜூன் மாதம் பல்லடம் ரோட்டிலும் பெருந்துறை ரோட்டிலும் ஃபிளெக்ஸ் பார்த்துக்கொண்டே போகலாம். அந்த நூறுக்குள் எத்தனை பேர் கணக்கில் வராமல் கழிக்கப்பட்டார்கள் என்று எந்த ஃபிளெக்ஸிலும் இல்லை.

நீங்கள் சொல்லும் பதில்களும் எனக்குத் தெரியும். மற்ற பெற்றோர் கேட்பார்கள் என்பீர்கள். ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. என் மகளின் வகுப்புப் பிள்ளைகள் நோட்டைக் கொடுத்து எழுத வைக்கிறார்கள். பெயில் ஆனால் பிள்ளைக்குத்தான் அவமானம் என்பீர்கள். அவமானம் பெயிலில் இல்லை, பரிட்சை எழுதவே லாயக்கில்லை என்று அனுப்புவதில் இருக்கிறது. எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லை என்பீர்கள். இது ஒன்றில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்கள் இல்லை, வகுப்பில் கூட்டம் அதிகம், சம்பளம் குறைவு. ஆனால் நான் கேட்பதில் பெரும்பாலானவற்றுக்குச் சிறப்பாசிரியர் தேவையில்லை.

அமெரிக்காவில் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களை அவர்களின் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பல பத்தாண்டுகளாகத் தொடரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. மூளைக்கட்டி வந்து பிழைத்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது, கூடப் பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் பள்ளியில் சிறப்பு உதவி கிடைத்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. நோய் எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைப் பள்ளியால் திருப்பித் தர முடியும் என்பதுதான் இதில் எனக்குத் தெரிவது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்வி என்று அதன் 16வது பிரிவு பேசுவது அரசுப் பள்ளிகளை மட்டும் இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்துத்தான். உங்கள் வாசலில் மாட்டியிருக்கும் அந்த அங்கீகார எண் அதற்கும் சேர்த்துத்தான். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று 17வது பிரிவு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது.

இந்தச் சலுகைகளைக் கேட்டபோது, "சர்டிபிகேட்ல குறைபாடு நாப்பது பர்சென்ட் இல்லையே" என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. மூளைக்கட்டி சிகிச்சையின் பின்விளைவு என்று தனியாக ஒன்று இல்லை. காது கொஞ்சம், கை கொஞ்சம், நடை கொஞ்சம், கற்கும் வேகம் கொஞ்சம் என்று தனித்தனியாக அளந்தால் எதுவும் நாற்பதைத் தொடாது. நாள் முழுக்க எல்லாமும் சேர்ந்துதான் பிள்ளையை அழுத்துகிறது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை தசை இறுகிப்போகும் ஒரு தேர்வரின் வழக்கில், நாற்பது சதவீதம் இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்ட நெறிமுறை, நாற்பதுக்குக் கீழே உள்ள, எழுதுவதில் சிரமம் உள்ள தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்றது. இதையெல்லாம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் நான் தேடிப் படிக்க முடிகிறது. பள்ளி நடத்துகிறவர்கள் நீங்கள் படிக்கக் கூடாதா?

மருத்துவமனைகள் மேலும் எனக்குக் குறை உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், சிகிச்சை முடிந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க என்றே 1991லிருந்து தனிப் பிரிவு நடக்கிறது. இங்கே எங்களை டிஸ்சார்ஜ் செய்தவர்கள் பள்ளிக்கு ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. நான் கேட்டு வாங்கிய கடிதத்தைத்தான் உங்களில் ஒருவர் படிக்காமல் ஃபைலில் போட்டார். சரி, அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது என் கோரிக்கைகள். ஒன்பதாவது முடித்த எந்தப் பிள்ளையையும் உடல்நலத்தையோ மார்க்கையோ காட்டி வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பத்தான் வேண்டும் என்று தோன்றினால், காரணத்தைப் பள்ளியின் முத்திரையோடு எழுத்தில் கொடுங்கள்; பெற்றோரே கேட்டதாகக் கடிதம் எழுதி வாங்காதீர்கள். என் மகளின் பெயர் ஜூனில் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் கையெழுத்தில்லாமல் நகராது; அதைத் தேர்வு நெருங்கும்போது அவசர அவசரமாக எடுக்காமல், பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே எடுங்கள், மருத்துவக் குழுவின் சான்று வாங்க எங்களுக்கும் நேரம் வேண்டும். பள்ளிக்குள் நடக்கும் பரிட்சைகளில் கூடுதல் நேரம் கொடுக்க யார் அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை. அதை ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

மூளை அறுவை சிகிச்சை ஆன பிள்ளை சேர்ந்தால், மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பை வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர், விடுதிக் காப்பாளர், வேன் ஓட்டுநர் நால்வரும் படித்துக் கையெழுத்துப் போட்டதாக ஃபைலில் இருக்கட்டும். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே பெற்றோரைக் கூப்பிடுங்கள். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் இந்தப் பிள்ளைகள் கை தூக்கி அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது. முன் பெஞ்சில், நல்ல காது இருக்கும் பக்கம் ஆசிரியர் நிற்கும்படி உட்கார வையுங்கள். போர்டில் எழுதியதை அச்சடித்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் காசை நாங்களே தருகிறோம்.

உங்கள் சங்கக் கூட்டத்தின் அடுத்த அஜெண்டாவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் நாங்கள் நான்கு குடும்பமும் வருகிறோம், பிள்ளைகளின் மருத்துவ ஃபைல்களோடு. என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதைப் பள்ளி திறப்பதற்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் இதே கடிதத்தின் நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் போகும். அதில் பள்ளிகளின் பெயர் இருக்கும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணின் தாய்,
அவினாசி